நாலு ஐசி சாப்பிட்ட ஆம்ப்ளிஃபயர்

அக்கா பையன் பாலிடெக்னிக் முதல் வருஷம், லால்குடியில வீடு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இட்லிய வாயில வைக்கிற நேரத்துக்கு துணிப்பையோட வந்து நின்னான். உள்ள ஒரு தகர கேபினெட், ஸ்பீக்கர் ஒயர் வெளிய தொங்குது, கூடவே ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியத் தொறந்தா மூணு ஐசி. "இது மூணும் செத்துருச்சு மாமா, நாலாவது போர்டுலயே இருக்கு, அதுவும் போயிருக்கும்னு நினைக்கிறேன்" அப்படின்னான். முகத்தப் பாத்தா பரிட்சையில ஃபெயில் ஆன மாதிரி இருந்துச்சு.

விஷயம் இதுதான். டிடிஏ2030ங்கற ஐசிய வச்சு நாமளே கோக்கற மோனோ (ஒரே ஸ்பீக்கர்) ஆம்ப்ளிஃபயர் கிட். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வாங்கினது, ஒரு சின்ன போர்டு, பாக்கெட்ல பார்ட்ஸ், தனியா ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயர் பூஜ்யம், ரெண்டு ஓரத்துலயும் 12 வோல்ட் ஏசி). நம்ம ஊர்ல எலக்ட்ரானிக்ஸ்ல கை வைக்கிற முக்கால்வாசி பேரு இந்த ஐசியில ஒரு தடவையாவது பாட்டு கேட்டிருப்பாங்க. இத்தாலியில எஸ்ஜிஎஸ்-அடெஸ்னு ஒரு கம்பெனி போட்ட ஐசி, அந்த கம்பெனிதான் அப்புறம் பேரு மாறி மாறி இன்னிக்கு எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ். மொத்தமே அஞ்சு காலுதான், சுத்தி பத்து பதினஞ்சு பார்ட்ஸ், அவ்வளவுதான். பிகினருக்கு நல்ல ஐசி, ஆனா சில விஷயத்துல கோவக்காரன்.

அவன் சொன்ன கதைய அப்படியே போடுறேன், ஏன்னா கேஸ் முழுக்க அந்தக் கதைக்குள்ளயேதான் இருந்துச்சு. முதல் நாள் அசெம்பிள் பண்ணி மேசையில வச்சே ஆன் பண்ணிருக்கான். பாட்டு வந்துச்சு, ஆனா ரொம்ப கம்மி, போன்ல ஃபுல் வால்யூம் வச்சாலும் பக்கத்து ரூமுக்குக் கேக்கல, அதுலயும் ஒரு கரகரப்பு. ஒரே நிமிஷத்துல ஐசி தொட முடியாத சூடு. சரி ஐசி டூப்ளிகேட்னு முடிவு பண்ணி திருச்சி போய் வேற வாங்கிருக்கான். அதே கதை. இன்னொரு கடையில இன்னொண்ணு. அதே கதை. வீடியோல யாரோ "ஹீட் சிங்க் பத்தல, பெருசா போடுங்க"ன்னு சொல்லிருக்காங்க (ஹீட் சிங்க்னா ஐசி சூட்ட இழுத்து வெளிய விடற உலோகத் துண்டு), இவன் நாலாவது ஐசிய வாங்கி நேரா தகர கேபினெட்டோட பின் பக்கத்துலயே ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டான், மொத்த கேபினெட்டும் ஹீட் சிங்க் ஆயிரும்ல, ஐடியா தப்பில்ல. ஆன் பண்ணதும் "பூம்ம்"னு ஒரு சத்தம், ஒரு வாசனை, டிரான்ஸ்ஃபார்மர் உர்ர்னு உறுமுது. பிளக்கப் புடுங்கிட்டு என்கிட்ட வந்துட்டான்.

"மாப்ள, இதுல எது முதல்ல நடந்துச்சு, எது அப்புறம் நடந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுது"ன்னேன். எழுதி முடிச்சதும் ஒண்ணு தெளிவாச்சு, இது ஒரு கம்ப்ளைன்ட் இல்ல, ரெண்டு. மேசையில இருந்த சூடு ஒரு கம்ப்ளைன்ட். கேபினெட்ல மாட்டினதும் வந்த பூம் வேற கம்ப்ளைன்ட். முதலாவதுக்கு வைத்தியம் பண்ணப் போய் ரெண்டாவது வந்திருக்கு. அப்ப பிரிக்கறது தலைகீழா பிரிக்கணும், கடைசியா வந்தத முதல்ல.

பிளக்ல சொருகறதுக்கு முன்னாடி சீரிஸ் லேம்ப் எடுத்தேன். தெரியாதவங்களுக்கு, ஒரு ஹோல்டர்ல 60 வாட் குண்டு பல்பு, அத கரண்ட் லைன்ல தொடரா கோத்து அதுக்கு அப்புறம்தான் ரிப்பேர் பண்ற ஐட்டம். ஐட்டத்துல ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்ஃபார்மர் வேகாது. நல்லா இருந்தா ஒரு செகண்ட் பளிச்சுனு அடிச்சு (கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது) அப்படியே அணைஞ்சிரும். எல்இடி பல்பு போட்டா இந்த வேலை நடக்காது, ஃபிலமென்ட் இருக்கிற பழைய பல்பேதான் வேணும். பீரோவுல ரெண்டு பல்ப துணி சுத்தி வச்சிருக்கேன், நகை மாதிரி.

ஆன் பண்ணோம். பல்பு பளிச்சுனு நின்னு எரியுது. ஷார்ட் உறுதி. ஆஃப் பண்ணிட்டு மீட்டர பீப் ரேஞ்சுல வச்சு, ஒரு முனை ஐசியோட உலோக முதுகுல, இன்னொரு முனை கேபினெட்ல. பீப்.

"மைக்கா போட்டிருக்கேனே மாமா!"ங்கறான். உண்மைதான், கண்ணாடித் தாள் மாதிரி, கரண்ட்ட விடாத மைக்கா நடுவுல இருக்கு, நல்லா பேஸ்ட்டும் தடவிருக்கான். ஆனா ஸ்க்ரூவப் பாருங்க. இரும்பு ஸ்க்ரூ, ஐசி முதுகுல இருக்கிற ஓட்டையில நேரா உரசிக்கிட்டு உள்ள போய் மைக்காவத் தாண்டி கேபினெட்ட கவ்விப் புடிச்சிருக்கு. வீட்டு முன்கதவப் பூட்டிட்டு கொல்லைக் கதவத் தொறந்து போட்ட மாதிரி. ஸ்க்ரூவுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் போடணும், தொப்பி மாதிரி இருக்கும், அது ஸ்க்ரூவ ஐசி முதுகுல இருந்து பிரிச்சு வைக்கும். கடையில மைக்கா கேட்டா மைக்கா மட்டும் குடுத்தாங்க, புஷ்னு ஒண்ணு இருக்கறதே இவனுக்குத் தெரியாது.

இங்கதான் 2030 கோவக்காரன்னு சொன்னேன். இந்த ஐசியோட முதுகு சும்மா ஒரு உலோகத் தகடு இல்ல, உள்ளுக்குள்ள மூணாவது கால்ல சேர்ந்திருக்கு. மூணாவது கால் மைனஸ் சப்ளை. சிங்கிள் சப்ளைல (பிளஸ்ஸும் கிரவுண்டும் மட்டும்) போட்டா மூணாவது கால் கிரவுண்டு, அப்ப முதுகு கேபினெட்ல பட்டா ஒண்ணும் ஆகாது. 12-0-12 போட்டு பிளஸ் மைனஸ்னு டபுள் சப்ளை எடுத்தா முதுகுல மைனஸ் 17 வோல்ட் நிக்குது. ஏதாவது வீடியோல மைக்கா இல்லாமலே வேலை செஞ்சிருக்கும், அதுல சிங்கிள் சப்ளை போட்டிருப்பாங்க, அத நம்பி டபுள் சப்ளைல அதே மாதிரி பண்ணா முடிஞ்சுது.

"ஆனா மாமா, நான் கேபினெட்டுக்கு கிரவுண்டு ஒயரே குடுக்கலயே, அப்புறம் எப்படி ஷார்ட் ஆகும்?" நல்ல கேள்வி, கேட்டதுக்கே ஒரு டீ வாங்கிக் குடுக்கலாம். மீட்டர்லயே தேட விட்டேன். அஞ்சு நிமிஷத்துல அவனே கண்டுபிடிச்சான், பின்னாடி இருக்கிற ஆடியோ பின் சாக்கெட். அதோட வெளி வளையம் கிரவுண்டு, அந்த வளையம் நேரா தகரத்துல முறுக்கியிருக்கு. ஒயர் குடுக்காமலே கேபினெட் கிரவுண்டு ஆயிருச்சு. அப்ப மைனஸ் சப்ளை, ஐசி முதுகு, ஸ்க்ரூ, தகரம், சாக்கெட் வளையம், போர்டுல இருக்கிற மெல்லிசான செம்புக் கோடு, அதாவது கிரவுண்டு டிராக்னு முழு வட்டம். அந்த டிராக் ஒரு இடத்துல பழுப்பாகி லேசா தூக்கிக்கிட்டு நிக்குது. அன்னிக்கு வந்த வாசனை அதுதான்.

ஸ்க்ரூவக் கழட்டி போர்ட வெளிய எடுத்து திரும்ப சீரிஸ் லேம்ப். பல்பு இன்னும் பளிச்!

பையன் மூஞ்சி திரும்ப தொங்கிருச்சு. எனக்கு ஆச்சரியமில்ல. அவ்வளவு நேரம் ஷார்ட்ல ஓடினா வழியில இருக்கிற எவனாவது ஒருத்தன் பலியாகியிருக்கணும். ஏசிய டிசியாக்கற நாலு டயோடயும் டயோடு ரேஞ்சுல வச்சு பாத்தோம், மூணு ஒரு பக்கம் 0.6 சொச்சம், மறுபக்கம் ஒண்ணுமில்ல. நாலாவது ரெண்டு பக்கமும் பீப். எல்லாம் 1என்4007, ஒரு ஆம்பியர்தான் தாங்கும். ஒரு டயோடு ஷார்ட் ஆச்சுன்னா டிரான்ஸ்ஃபார்மரோட ரெண்டு முனையும் பக்கத்து டயோடு வழியா ஒவ்வொரு சைக்கிள்லயும் ஒரு பாதி நேரம் முட்டிக்கும், அதான் கேபினெட்ட விட்டு எடுத்தும் பல்பு எரியுது. நாலையும் எடுத்துட்டு 1என்5408, மூணு ஆம்பியர், என் டப்பாவுல இருந்ததப் போட்டேன். ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு மட்டும் மாத்தறவங்க இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, மத்த மூணும் அதே அடிய வாங்கினவங்கதானே. கூடவே மைனஸ் பக்கத்து கெப்பாசிட்டரையும் மாத்தினேன், டயோடு போனதுக்கு அப்புறம் அதுக்கு ஏசி போயிருக்கும், மேல் மூடி லேசா உப்பி இருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு, அவனுக்குத் தோணல. தூக்கிக்கிட்டு நின்ன டிராக் மேல ஒரு ஒயர் துண்ட வச்சு சால்டர் பண்ணோம்.

இப்ப பல்பு ஒரு அடி அடிச்சு அணைஞ்சுது. ஐசி இல்லாம சப்ளைய மட்டும் நேரா கரண்ட்ல குடுத்து அளந்தோம், பிளஸ் 17.8, மைனஸ் 17.7. "12 வோல்ட்தானே மாமா?" 12ங்கறது ஏசி கணக்கு, அத 1.414 ஆல பெருக்கினா உச்சி 17, டயோடு ஒரு 0.7 சாப்பிடும், ஆனா சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதப்ப எழுதினதவிட கூடவே குடுக்கும். இது சும்மா தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல. சாதா டிடிஏ2030க்கு பிளஸ் மைனஸ் 18 வோல்ட்தான் எல்லை. 2030ஏன்னு பின்னாடி ஒரு ஏ இருந்தா 22 வரைக்கும் தாங்கும். இவன் போட்டது ஏ இல்லாதது, 17.8ல நின்னுக்கிட்டிருக்கு, மின்சாரம் கொஞ்சம் ஏறினா எல்லைய தாண்டிரும். அடுத்து வாங்கும்போது ஏ கேட்டு வாங்குன்னு சொன்னேன், 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு சாதா 2030 ஊதிப் போன கேஸ் நான் நிறையப் பாத்திருக்கேன்.

ரெண்டாவது கம்ப்ளைன்ட் முடிஞ்சுது. இப்ப முதல் கம்ப்ளைன்ட், ஒரிஜினல் வியாதி.

போர்டுல நாலாவது ஐசி அப்படியே இருக்கு. முதுகுல ஒரு அலுமினியத் துண்டு, அது எதுலயும் படாம தொங்குது. ஸ்பீக்கர் குடுக்கல, பாட்டு குடுக்கல, இன்புட்ட கிரவுண்டோட சேர்த்துட்டேன். இந்த நிலைமையில ஒரு ஆம்ப்ளிஃபயர் சும்மா உக்காந்திருக்கணும். முதல்ல நாலாவது காலு, அதுதான் அவுட்புட், கிரவுண்டுக்கு டிசி எவ்வளவுன்னு பாத்தா 40 மில்லி வோல்ட். நல்லது. அங்க பத்து பன்னெண்டு வோல்ட் நின்னிருந்தா ஐசி போச்சு, ஸ்பீக்கர் மாட்டினா ஸ்பீக்கரும் போச்சு. அப்ப நாலாவது ஐசி உயிரோடதான் இருக்கு. ஆனா ரெண்டு நிமிஷத்துல அலுமினியத் துண்டு தொட முடியல.

சும்மா இருக்கறவன் எவ்வளவு சாப்பிடுறான்னு அளக்க ஒரு எளிய வழி. பிளஸ் சப்ளை ஒயர வெட்டி நடுவுல ஒரு 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போட்டு, அது மேல வோல்டேஜ் பாக்கணும். மீட்டர ஆம்பியர் ரேஞ்சுல வச்சு பிகினர் கையில குடுத்தா மீட்டர் ஃபியூஸ் போறது நிச்சயம், அதனால இந்த வழி. டேட்டா ஷீட்ல (கம்பெனி குடுக்கற விவரத் தாள்) சும்மா இருக்கும்போது 40 மில்லி ஆம்பியர், அதிகபட்சம் 60ன்னு போட்டிருக்கு, அப்ப 10 ஓம்ல 0.4 வோல்ட் வரணும். வந்தது 3.2 வோல்ட். 320 மில்லி ஆம்பியர்! பிளஸ்ஸும் மைனஸும் சேர்த்து 34 வோல்ட்னு வச்சா கிட்டத்தட்ட 11 வாட், பாட்டே இல்லாம. அவனோட சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

ஸ்பீக்கர் இல்ல, டிசி இல்ல, அப்ப அந்த 11 வாட் எங்க போகுது? போர்ட உத்துப் பாத்தேன், லென்ஸ் வச்சு. அவுட்புட்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 ஓம் ரெசிஸ்டரும் அதோட தொடரா ஒரு 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கும், எல்லா 2030 சர்க்யூட்லயும் இருக்கும், பிகினர்ஸ் "இது எதுக்குன்னே தெரியல"ன்னு விட்டுடற ஜோடி. அந்த 1 ஓம் ரெசிஸ்டர் கருகியிருக்கு. பிரவுன், பிளாக், கோல்டு மூணு பட்டையும் ஒரே கலர் ஆயிருச்சு, கறிவேப்பிலை எண்ணெயில கூட நேரம் கிடந்தா ஆகுமே அந்த கலர். பாட்டு ஃப்ரீக்வென்சில 0.22 வழியா பெருசா ஒண்ணும் போகாது, அந்த ரெசிஸ்டர் ஜென்மத்துக்கும் சூடாகக் கூடாது. அது கருகுதுன்னா காதுக்குக் கேக்காத ஃப்ரீக்வென்சில, லட்சக்கணக்குல, அவுட்புட் ஆடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஆம்ப்ளிஃபயர் ஆசிலேட்டர் (தானாவே ஆடற சர்க்யூட்) ஆயிருச்சு.

எங்கிட்ட அலைய திரையில காட்டற ஆசிலோஸ்கோப் கிடையாது, மீட்டர ஏசில வச்சா ஏதோ ஒரு நம்பர் ஆடுது, இந்த மாதிரி மீட்டர் அந்த ஃப்ரீக்வென்சிக்கு ஆகாது. அதனால பாட்டியோட பழைய மீடியம் வேவ் ரேடியோவ எடுத்தேன். திருச்சி ஸ்டேஷன், 936ல வச்சேன், யாரோ விவசாயத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். ரேடியோவ போர்டுக்கு ஒரு சாண் தள்ளி வச்சு, ஆம்ப்ளிஃபயர ஆன் பண்ணு மாப்ளன்னேன். ஆன் பண்ணான், கொர்ர்ர்ர்ர், விவசாயம் காணாம போச்சு. ஆஃப், விவசாயம் வந்துச்சு. ஆன், கொர்ர்ர். பையனுக்கு ஒரே சந்தோஷம், நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தான். ஸ்பீக்கரே மாட்டாத ஆம்ப்ளிஃபயர் ரேடியோ ஸ்டேஷன் நடத்துது.

ஏன் ஆடுது? வழக்கமான சந்தேக ஆளுங்க மூணு நாலு பேரு. சப்ளை கால்கள் பக்கத்துல 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) கெப்பாசிட்டர் இல்லாம போறது, இருந்துச்சு, ரெண்டும் ஒழுங்கா இருந்துச்சு. சப்ளை ஒயர் முழ நீளத்துக்கு இருக்கறது, அதுவும் இல்ல. அந்த 1 ஓம் ஜோடிய விட்டுடறது, அது பாவம் வேலை செஞ்சுதான் கருகிருக்கு. அடுத்தது ஃபீட்பேக், அவுட்புட்ட திருப்பி இன்புட்டுக்கு அனுப்பற வழி. அவுட்புட்ல இருந்து ரெண்டாவது காலுக்கு 22 கே, ரெண்டாவது கால்ல இருந்து 680 ஓம், அதுக்கு அப்புறம் 22 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கெப்பாசிட்டர், கிரவுண்டு. எத்தனை மடங்கு பெருக்கணும்னு முடிவு பண்றது இந்த 22 கேயும் 680உம்தான், 22000ஐ 680ஆல வகுத்து ஒண்ணு கூட்டினா 33 மடங்கு.

680ஐ போர்டுல வச்சே அளந்தேன். நம்பர் ஏறுது, 20 கே, 30 கே, 40 கே பக்கம் போய் தடுமாறுது. எனக்கு அங்கயே விடை தெரிஞ்சுபோச்சு. ஏன்னா போர்டுல வச்சு அளக்கும்போது சுத்தி இருக்கிற மத்த பார்ட்ஸும் பக்கவாட்டுல சேர்ந்துக்கும், அதனால ரெசிஸ்டர் இருக்கறதவிட கம்மியா காட்டலாம், கெப்பாசிட்டர்ல மிச்சம் சார்ஜ் இல்லாதவரைக்கும் கூட காட்ட முடியாது. 680 ஓம் எந்த ஜென்மத்துலயும் 40 கே காட்டாது. ஒரு காலத் தூக்கிட்டு அளந்தா 67.6 கே.

"இது கிட்ல வந்ததா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். கிட்ல வந்த 680ஓட காலு வளைக்கும்போது ஒடிஞ்சு போச்சாம், பழைய டிவி போர்டுல இருந்து ஒண்ணு புடுங்கிப் போட்டானாம். ப்ளூ, கிரே, பிரவுன்னு பாத்துதான் எடுத்தானாம். ராத்திரி, மஞ்ச பல்பு வெளிச்சத்துல. டியூப் லைட்டுக்குக் கீழ வச்சுப் பாத்தா ப்ளூ, கிரே, ஆரஞ்சு. பிரவுன்னா 680, ஆரஞ்சுன்னா 68 கே, நூறு மடங்கு வித்தியாசம், மஞ்ச வெளிச்சத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதுலயும் பழைய போர்டுல சூடு பட்ட ரெசிஸ்டர்னா ஆரஞ்சு இன்னும் கருத்து பிரவுனாவே தெரியும். நானே ஏமாந்திருக்கேன், எத்தனை தடவன்னு அவன்கிட்ட சொல்லல.

680 இடத்துல 68 கே வந்தா பெருக்கல் 33 மடங்குல இருந்து 1.3 மடங்குக்கு விழுந்துரும். சத்தம் ஏன் கம்மின்னு கேட்டதுக்கு விடை அங்கயே வந்துருச்சு. சூடு ஏன்? மடங்கு குறைஞ்சா ஐசிக்கு வேலை கம்மிதானே, ஏன் ஆடணும்? அவன் கேட்டது இதுதான், புரிய வைக்க எனக்கும் கொஞ்ச நேரம் ஆச்சு. மடங்க குறைக்கறதுன்னா அவுட்புட்ட திருப்பி இன்புட்டுக்கு அதிகமா அனுப்பி அடக்கறது. ஊஞ்சல கை நீட்டி நிறுத்தற மாதிரி. ஊஞ்சல் மெதுவா வந்தா சரியான நேரத்துக்கு கை வச்சு நிறுத்திடலாம். வேகமா ஆடுற ஊஞ்சல நிறுத்தப் போனா கை லேட்டா போய் சேரும், அது திரும்பிப் போற நேரத்துல நம்ம கை தள்ளி விட்டுரும், நிறுத்த வேண்டிய கையே ஆட்டி விடுற கை ஆயிரும். அதுவும் பலமான கையா இருந்தா இன்னும் மோசம். ஐசிக்கு உள்ள சிக்னல் போய் வர கொஞ்சம் நேரம் எடுக்கும், பாட்டுக்கு அந்த தாமதம் ஒரு பொருட்டே இல்ல, லட்சக்கணக்கான ஃப்ரீக்வென்சில அது பெரிய தாமதம். அதனாலதான் 2030 டேட்டா ஷீட்லயே கெயின் (பெருக்கல்) 24 டெசிபலுக்கு மேல வைக்கணும்னு ஒரு வரி போட்டிருக்கு, அதாவது குறைஞ்சது 16 மடங்கு. 33 மடங்குன்னா 30 டெசிபல், பத்திரமான இடம். 1.3 மடங்குன்னா ரெண்டரை டெசிபல்கூட வராது.

புது 680, புது 1 ஓம், சால்டர் பண்ணி ஆன். பத்து ஓம் மேல 0.42 வோல்ட். 320 இருந்தது 42 மில்லி ஆம்பியர் ஆயிருச்சு. ரேடியோல விவசாயம் முடிஞ்சு பாட்டு போட்டிருந்தாங்க, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே கொண்டுபோனாலும் தெளிவா பாடுது. அலுமினியத் துண்டு கை வச்சா வெதுவெதுப்பு.

இத்தோட முடிஞ்சுதுன்னு ஸ்பீக்கர மாட்டினா ம்ம்ம்ம்ம்ம்னு பெரிய ஹம்மிங். பையன் "இது முன்னாடி இல்ல மாமா, நீங்க ஏதோ பண்ணிட்டீங்க"ன்னுட்டான். இருந்துச்சுடா, 1.3 மடங்குல கேக்கல, இப்ப 33 மடங்கு, 25 மடங்கு பெருசாகிக் கேக்குது. இன்புட்ட போர்டுலயே கிரவுண்டோட ஷார்ட் பண்ணியும் ஒரு கூர்மையான உர்ர் மிச்சம் இருந்துச்சு, அது 100 சைக்கிள், ரெக்டிஃபயர் (அந்த நாலு டயோடு) பக்கத்து சத்தம். ஸ்பீக்கரோட கிரவுண்டு ஒயர இன்புட் கிரவுண்டு இருக்கிற அதே புள்ளியில சால்டர் பண்ணிருந்தான், ஸ்பீக்கர் கரண்ட்டும் சப்ளையோட சார்ஜிங் கரண்ட்டும் இன்புட் வழியா நடந்து போகுது. அத எடுத்து ரெண்டு பெரிய கெப்பாசிட்டரும் சேர்ற நடுப்புள்ளிக்கு கொண்டுபோனதும் உர்ர் போச்சு. மிச்சம் இருந்த கனமான ம்ம் 50 சைக்கிள், இன்புட்டுக்கு சாதா ரெட்டை ஒயர் போட்டிருந்தான், ஷீல்டு ஒயர் மாத்தி, வால்யூம் கண்ட்ரோலோட உலோக உடம்ப கிரவுண்டுல சேர்த்ததும் அதுவும் போச்சு. போன்ல இருந்து வர லெஃப்ட் ரைட் ரெண்டையும் நேரா முறுக்கி வச்சிருந்தான், ஆளுக்கு ஒரு 1 கே போட்டு சேர்த்தோம்.

கேபினெட்ல திரும்ப மாட்டும்போது மைக்கா, ரெண்டு பக்கமும் பேஸ்ட், பிளாஸ்டிக் புஷ், ஸ்க்ரூ, அப்புறம் முதுகுக்கும் தகரத்துக்கும் மீட்டர் வச்சு பீப் வரலன்னு பாத்துட்டுதான் ஒயர் குடுத்தோம். டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில ஃபியூஸே இல்ல, அரை ஆம்பியர் ஒண்ணு போட்டேன். 230 வோல்ட் ஒயர முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தான், அதுக்கு மட்டும் நல்லா திட்டினேன், மத்த எல்லாம் படிக்கற காலத்துல நடக்கறது.

8 ஓம் ஸ்பீக்கர்ல போட்டோம். இந்த ஐசி 4 ஓம்ல 14 வாட், 8 ஓம்ல 9 வாட்னுதான் டேட்டா ஷீட், அதுவும் பிளஸ் மைனஸ் 14 வோல்ட் சப்ளைல. ஹோம் தியேட்டர் அட்டைப்பெட்டியில பிஎம்பிஓன்னு விளம்பர வாட் ஆயிரக்கணக்குல போட்டிருக்கறதப் பாத்து வளர்ந்த பையன் "வெறும் 9 வாட்டா"ன்னான். போட்டு விட்டதும் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்த எங்க வீட்டம்மா சத்தத்தக் குறைக்கச் சொல்லி கத்தினாங்க, 9 வாட் போதும்.

சாயங்காலம் தீப்பெட்டிய எடுத்தோம். செத்ததா இல்லையான்னு பாக்க அஞ்சு காலுக்கும் அமுக்கிப் பொருத்தற கனெக்டர் ஒண்ணு போர்டுல மாட்டி, சீரிஸ் லேம்ப்போட, ஒவ்வொண்ணா. முதல் ஐசி, அவுட்புட்ல 25 மில்லி வோல்ட், பாட்டு வருது. ரெண்டாவது, அதுவும் வருது. மூணாவதுல மட்டும் ஒண்ணாவது காலு அடியோட ஒடிஞ்சிருக்கு, கழட்டும்போது போயிருக்கு. 2030க்கு உள்ள சூடு ரொம்ப ஏறினா தானே அடங்கிக்கற பாதுகாப்பு இருக்கு, ஷார்ட்டுக்கும் இருக்கு, அதனாலதான் அவ்வளவு வதைச்சும் ஒண்ணும் சாகல. டூப்ளிகேட்னு திட்டு வாங்கின கடைக்காரங்க மூணு பேரும் நல்ல ஐசிதான் குடுத்திருக்காங்க.

பையன் அந்த ரெண்டையும் பாத்தான், என்னப் பாத்தான், "அப்ப ஸ்டீரியோ பண்ணிரலாமா மாமா?"ன்னான். அடுத்த வாரமே ரெண்டாவது போர்டு ஆரம்பிச்சுட்டான், வாட்ஸாப்ல ஒரு போட்டோ வந்துச்சு, அதே மஞ்ச வெளிச்சம், ரெசிஸ்டர் கலர் ஒண்ணும் தெரியல, ஆனா பக்கத்துல மீட்டர், 0.678ன்னு நிக்குது. ரேடியோவ "ஆசிலேஷன் டெஸ்ட்டுக்கு வேணும்"னு எடுத்துட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரல, பாட்டி தினமும் கேக்கறாங்க.